தைத்த நரம்பு மறுபடி அறுந்துவிட்டதா? – கை மீளக் காத்திருக்கும் ஒரு விவசாயிக்குப் பதில்

வன்னியில் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் 34 வயது வாசகர் ஒருவர், நான்கு பக்கங்களில் இடது கையால் எழுதிய கடிதமொன்றை அனுப்பியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். கடந்த பங்குனியில் வீசிய காற்றில் மாட்டுக்கொட்டிலின் முகட்டுத் தகரம் கிளம்பியிருக்கிறது. அதைப் பிடிக்கப் போனபோது வலது கையின் உட்புறம், முழங்கைக்கு மூன்று விரற்கடை மேலே ஆழமாக வெட்டுப்பட்டிருக்கிறது. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, மூன்றாம் நாள் நரம்பைத் தைத்திருக்கிறார்கள். இரண்டு முறை கிளினிக் போனவர், பஸ் செலவும் கூலி இழப்பும் கட்டாததால் பிறகு போகவில்லை. இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது.

சின்னிவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும், அவற்றை ஒட்டிய உள்ளங்கை ஓரத்திலும் உணர்வில்லை. முதல் நாலைந்து மாதம் தளர்ந்து கிடந்த அந்த இரண்டு விரல்களும் கடந்த இரண்டு மாதமாக உள்ளே வளைந்து வருகின்றன. முன்னங்கையில் ஓரிடத்தில் எதுவும் பட்டால் சின்னிவிரல் வரைக்கும் கரண்ட் அடிப்பதுபோல் ஓடுகிறது. இவற்றைக் கண்ட அயலவர்கள் தைத்த நரம்பு அறுந்துவிட்டது என்று சொல்ல, அவர் கையைத் துணியால் கட்டி, வெளியே போகும்போது சாரத்தின் மடிப்புக்குள் மறைத்துக்கொள்கிறார். தாயார் வைத்த நொச்சியிலை ஒத்தடத்தில் சின்னிவிரல் பொக்களித்ததும் அவருக்குத் தெரியவில்லை. நரம்பைத் தூண்டும் பெட்டியென்று ஒருவர் விற்ற கருவியையும் வாங்கியிருக்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்துச் சென்னைக்குப் போய் மறுபடி வெட்டித் தைப்பதா என்பதும், இனி மண்வெட்டி பிடிக்கவும் பால் கறக்கவும் முடியுமா என்பதும் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எழுத்து முதற்பக்கத்தில் கோணல்மாணலாக இருக்கிறது. நான்காம் பக்கத்தில் வரியை விட்டு விலகாமல் நிற்கிறது. ஏழு மாதத்தில் உங்கள் மூளை இடது கையை எழுதப் பழக்கியிருக்கிறது. புனர்வாழ்வுச் சிகிச்சை என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பழக்கம்தான். அதே மூளைக்கு வலது கையை மறக்கவிடாமல் வைத்திருப்பது இனி நீங்களும் நானும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கடிதத்தைக் கொண்டு கையைப் பரிசோதிக்க முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டே கீழே எழுதியவற்றை வாசியுங்கள். ஆயினும் நீங்கள் எழுதிய விபரங்கள் துல்லியமானவை என்பதால், ஒரு விடயத்தை ஓரளவு உறுதியோடு சொல்ல முடிகிறது: நீங்கள் கெட்ட அறிகுறிகளென்று அஞ்சுகிற இரண்டும் பெரும்பாலும் நல்ல அறிகுறிகள்.

வளைகிற விரலும் ஓடுகிற கரண்டும்

வெட்டுப்பட்ட இடத்தையும் மரத்துப்போன விரல்களையும் வைத்துப் பார்த்தால், அறுந்தது அரந்தி நரம்பு. கிளினிக் கொப்பியில் 'அல்னார்' என்று எழுதியிருப்பார்கள். இந்த நரம்பு முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் இறங்கி, முன்னங்கை வழியாக உள்ளங்கைக்குப் போகிறது. போகும் வழியில் முழங்கைக்குச் சற்றுக் கீழே, மோதிர விரலினதும் சின்னிவிரலினதும் நுனிகளை மடக்குகின்ற தசைக்குக் கிளை கொடுக்கிறது. கடைசியில் உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகளுக்குப் போய்ச் சேர்கிறது. விரலின் அடிமூட்டான மொளியை மடக்கி, நடு மூட்டையும் நுனி மூட்டையும் நீட்டிச் சமன்படுத்துவது இந்தச் சிறு தசைகளின் வேலை.

நரம்பு அறுந்த புதிதில் இரண்டு கூட்டத் தசைகளும் சேர்ந்து செயலிழப்பதால் விரல்கள் தளர்ந்து கிடந்தன. இப்போது மேலே இருக்கும் மடக்கும் தசைக்கு நரம்பு வந்து சேர்ந்திருக்கிறது, உள்ளங்கைக்கு இன்னும் வரவில்லை. ஒரு பக்கம் இழுக்க ஆளிருக்கிறது, மறுபக்கம் எதிர்த்துப் பிடிக்க ஆளில்லை, ஆகவே விரல் வளைகிறது. முழங்கைக்கு மேலே காயப்பட்டவரின் கை, மீளத் தொடங்கும்போது முன்னையைவிட மோசமாகத் தோன்றுவதை நாங்கள் எதிர்பார்த்தே இருப்போம். இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரண்டு மாதப் பயத்தைத் தவிர்த்திருக்கலாம்.

ஓடுகிற கரண்டும் அதே கதையைத்தான் சொல்கிறது. வளரும் நரம்பின் முனை மெல்லியது, எளிதில் உணர்ச்சி கொள்வது. அதன் மேல் தட்டினால், அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் மின்னுகிறது. முதலாம் உலகப் போரில் காயமடைந்த படையினரைப் பார்த்து, பிரான்சில் ஜூல் தினெலும் ஜெர்மனியில் போல் ஹொஃப்மனும் 1915 ஆம் ஆண்டில் தனித்தனியே இதை எழுதினார்கள். இன்றும் கருவி எதுவுமில்லாமல் விரல் நுனியால் மட்டும் செய்யும் பரிசோதனையாக அது இருக்கிறது. மணிக்கட்டுக்கு அரைச் சாணுக்குச் சற்று மேலே தட்டினால்தான் அதிகமாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து அளந்து, திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் அளந்தால் போதும். புள்ளி மணிக்கட்டை நோக்கி நகர்ந்தால் நரம்பு நடந்து வருகிறது. இரண்டு மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றாலோ, தழும்பில் தொடமுடியாத வலியோடு ஒரு கட்டி தோன்றினாலோ, காத்திருக்காமல் உடனே சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் வளைவு எல்லாமே நல்லதென்று எண்ணிவிடாதீர்கள். வளைந்த விரலை அப்படியே விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு நரம்பு வந்தாலும் விரல் நிமிராது. இதை நீங்களே பார்க்கலாம். இடது கையால் அந்த இரண்டு விரல்களின் மொளிகளையும் சற்று மடக்கிப் பிடித்துக்கொண்டு, விரலை நீட்ட முயலுங்கள். நடு மூட்டு நிமிர்ந்தால் மூட்டு இளக்கமாக இருக்கிறது, நரம்பு வரும்வரை தாங்கிப் பிடித்தால் போதும். நிமிராவிட்டால், மறு கையால் மெதுவாக நீட்டிப் பாருங்கள். அப்போதும் நிமிராமல் இறுகி நின்றால் சிகிச்சையில் முதல் வேலை அந்த மூட்டை இளக்குவதுதான்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்

அறுந்த நரம்பைத் தைத்தவுடன் அது கம்பியை முறுக்கி இணைத்ததுபோல் வேலை செய்யும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உண்மையில், வெட்டுக்குக் கீழே இருக்கும் நரம்பிழைகள் சில வாரங்களுக்குள் சிதைந்து போய்விடுகின்றன. ஒகஸ்ரஸ் வோலர் 1850 இல் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி இதைக் கண்டறிந்தார். எஞ்சுவது வெறும் குழாய்கள். மேலேயிருந்து புதிய இழைகள் அந்தக் குழாய்களுக்குள் நுழைந்து, வளர்ந்து இறங்க வேண்டும். தையல் செய்வது அந்தக் குழாய்களின் வாய்களை நேர்ப்படுத்தி வைப்பது மட்டுமே.

உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்துச் சொன்னால், இரணைமடுக் குளத்தில் கதவு திறந்த அன்றைக்கே கடைவாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. வருகிற நேரத்தில் வாய்க்கால் தூர்ந்தும் வரம்பு உடைந்தும் கிடந்தால், வந்த தண்ணீரும் பயன்படாது.

வளர்ந்தவர்களில் நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளர்கிறது. தொடங்குவதற்கே சில வாரம் பிடிக்கும். உங்கள் கணக்கைப் பாருங்கள். ஏழு மாதத்தில் தொடக்கத் தாமதத்தைக் கழித்தால் 180 நாள், அதாவது 18 சென்ரிமீற்றர். தழும்பிலிருந்து அளந்தால், கரண்ட் ஓடுகிற இடம் கிட்டத்தட்ட அங்கேதான் வருகிறது. மணிக்கட்டைக் கடந்து சின்னிவிரலோரத் தசை மேட்டைத் தொட இன்னும் ஆறு மாதம் செல்லும், அதாவது சித்திரை அளவில். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையிலுள்ள தசைக்கு அதற்கும் மேலே சில மாதம். சின்னிவிரல் நுனிக்கு உணர்வு வர, அடுத்த ஆவணி, புரட்டாதியைத் தாண்டலாம். ஆகவே இந்தக் காலபோகத்தில் உள்ளங்கைக்குள் எந்த மாற்றத்தையும் எதிர்பார்க்காதீர்கள். மாற்றம் இல்லையே என்று மனம் உடையவும் வேண்டாம்.

இங்கே உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நரம்பில்லாத தசை என்றென்றைக்கும் காத்திருக்காது. ஏறத்தாழ 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் அது சுருங்கி நாராகி, நரம்பு வந்தாலும் இயங்காத நிலைக்குப் போய்விடும். முழங்கைக்கு மேலே அறுந்த அரந்தி நரம்பு நன்றாகத் தைக்கப்பட்டாலும், உள்ளங்கைச் சிறு தசைகள் முழுப் பலத்தோடு திரும்புவது வளர்ந்தவர்களில் அரிது. உணர்வின் நிலை இதைவிட மேல், அதற்கு இவ்வளவு இறுக்கமான கெடு கிடையாது. உங்களுக்கு நான் எதிர்பார்ப்பது, பொல்லையும் கயிற்றையும் இறுகப் பிடிக்கும் பலம், சுடுவதையும் குத்துவதையும் அறியும் உணர்வு, ஆனால் சாவியைத் திருப்பும் நுட்பத்தில் ஏதோவொரு குறை. அந்தக் குறையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுக்கு உங்களிடம் நேரம் அதிகமில்லை.

சென்னையா, வேறு வழியா

தைத்த இடத்தை மறுபடி வெட்டித் திறக்கும் சத்திரசிகிச்சையை, நரம்பு நடந்து வரும் அறிகுறி இருக்கும்போது செய்வது ஆபத்து. 18 சென்ரிமீற்றர் வந்துவிட்ட இழைகளை வெட்டி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வதாகிவிடும். அந்த இழப்பைத் தாங்க உள்ளங்கைத் தசைக்குக் காலம் இல்லை. அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

ஆனால் வேறொரு சத்திரசிகிச்சையைப் பற்றிக் கேட்க வேண்டிய காலம் இதுதான். மணிக்கட்டுக்கு அருகில், கையைக் கவிழ்க்கும் ஒரு சிறு தசைக்குப் போகும் கிளையொன்று, நடு நரம்பு எனப்படும் இன்னொரு நரம்பிலிருந்து வருகிறது. அதை எடுத்து, அரந்தி நரம்பின் தசைக்கான பகுதியோடு அங்கேயே இணைக்கலாம். கவிழ்க்கும் வேலையை முழங்கைக்கு அருகிலுள்ள வேறொரு தசை பார்த்துக்கொள்வதால் பெரிய இழப்பில்லை. இணைக்கும் இடம் உள்ளங்கைக்குக் கிட்ட இருப்பதால், அந்த இழைகள் சில மாதத்தில் போய்ச் சேர்ந்து, பின்னால் வரும் சொந்த நரம்புக்காகத் தசையை உயிரோடு வைத்திருக்கும். எவ்வளவு முன்னதாகச் செய்கிறார்களோ அவ்வளவு பலன், ஏழாம் மாதம் சற்றுப் பிந்தியதுதான். உங்களுக்கு இது பொருந்துமா என்பதைக் கையைப் பார்த்து, நரம்புக் கடத்துகைப் பரிசோதனையும் தசை மின்பதிவும் செய்துதான் முடிவெடுக்க முடியும். ஆகவே இந்த மாதத்துக்குள் உங்களுக்குத் தைத்த சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்கோ, பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கிளினிக்கைத் தவறவிட்டதற்காகக் கடிந்துகொள்வார்கள் என்று நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஒரு சொல் கடிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பாராமல் திரும்பி வராதீர்கள்.

போகும்போது நோய்நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நரம்பு முழுதாக அறுந்திருந்ததா, முனைக்கு முனை நேராகத் தைத்தார்களா, இடையில் வேறு நரம்புத் துண்டு வைத்தார்களா, சொந்தக் கிளைகளுக்கு நரம்பு சேர்கிறதா என்று கேளுங்கள். உங்கள் உடம்பில் செய்ததைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, அதைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

நரம்பு பிந்திவிட்டால் கையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. நன்றாக இயங்குகிற ஒரு தசையை எலும்போடு இணைக்கும் நாரை இடம்மாற்றிக் கட்டி, வளைந்த விரலை நிமிர்த்தவும் பெருவிரலின் பிடியைப் பலப்படுத்தவும் முடியும். 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட், தொழுநோயால் இதே அரந்தி நரம்பு பழுதான கைகளுக்கு இதைச் செய்து வழிகாட்டினார். இந்தச் சிகிச்சைக்குக் காலக்கெடு இல்லை. மூட்டுகள் இளக்கமாக இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை.

கடைசி யுத்தத்தில் செல் துண்டு பட்டு நரம்பு போய், 'இனி ஒன்றும் செய்யேலாது' என்ற சொல்லோடு இத்தனை வருடம் வாழ்கிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நரம்பைத் தைக்கும் காலம் கடந்திருக்கலாம், நாரை இடம்மாற்றும் காலம் கடக்கவில்லை. தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். உடம்பில் உலோகத் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உணர்வில்லாத விரலைக் காப்பது

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தப் பொக்களம். பல வருடங்களுக்கு முன்னர் என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், அடுப்பில் விறகைத் தள்ளும்போது ஏதோ கருகுகிற மணம் வந்ததென்றும், குனிந்து பார்த்தால் அது தன் சின்னிவிரலென்றும் சொன்னார். அவருக்கு மூக்கு சொன்னதை விரல் சொல்லவில்லை. வலி இல்லாத கைக்குக் கண்தான் காவல்.

ஒத்தடம், வெந்நீர், சூடாக்கிய எண்ணெய், மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். சூடு நரம்பை வளர்க்காது. உணராத தோலை எரிக்கும். தேநீர்க் கோப்பையை, சட்டியை, வெயிலில் நின்ற லான்ட்மாஸ்ரரின் பிடியை முதலில் இடது கையால் தொட்டுப் பாருங்கள். பீடி, சிகரெற் பிடிக்கும் பழக்கமிருந்தால் அதை விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகட்டும்: இரத்தக் குழாய் சுருங்கினால் நரம்புக்கும் நட்டம். மண்வெட்டிப் பிடியில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். ஆனால் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, விரலைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்துக்கு மேல் மறையாமல் நின்றால், அந்தப் பிடியோ அந்த வேலையோ அன்றைக்குப் போதும்.

தாயாரின் மனம் நோகாமல் அவருடைய எண்ணெய்க்கும் ஓரிடம் உண்டு, அதுவும் மிகத் தேவையான இடம். நரம்பில்லாத தோல் வியர்க்காது. அதனால் காய்ந்து வெடித்து, வெடிப்பில் கிருமி புகும். ஒவ்வொரு மாலையும் பச்சைத் தண்ணீரில் கையை 15 நிமிடம் ஊறவிட்டு, ஈரம் முழுதாகக் காயமுன் சூடாக்காத தேங்காயெண்ணெயை அவர் பூசிவிடட்டும். அப்போதே விரலிடுக்குவரை ஒவ்வொரு இடமாகப் பார்த்து, சிறு கீறலையும் கவனிக்கட்டும். தழும்பின் மேல் அதே எண்ணெயோடு விரலால் வட்டமாக ஐந்து நிமிடம் அழுத்தி உருவினால், தழும்பு கீழுள்ள சதையோடு ஒட்டிப் பிடிக்காமல் இளகும். காயம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, வலி இல்லையே என்று பொறுத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நரம்பிழந்த தசையை இயக்க நீண்ட மின்துடிப்பு வேண்டும். வீட்டுக்கு விற்கும் சிறு பெட்டிகள் தருவது மிகக் குறுகிய துடிப்பு. அதனால் தசை வளரப் போவதில்லை, உணராத தோலில் வைத்தால் சுடவும் கூடும். நரம்புச் சத்தென்று போடும் வைற்றமின் ஊசியும், உடம்பில் பி12 குறைவு இருந்தால்தான் உதவும். இரவில் எரிவும் கரண்டும் தூக்கத்தைக் கெடுத்தால் சாதாரண நோக்குளிசைகளை விழுங்காதீர்கள். நரம்பு வலிக்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன, வைத்தியர் எழுதித் தருவார்.

கட்டிய கையை அவிழ்ப்பது

கையைக் கட்டி வைத்தால் தையல் காக்கப்படும் என்ற எண்ணம் முதல் மூன்று வாரத்துக்குச் சரி. அதன் பிறகு தையல் பிரிவதில்லை. கட்டு காப்பதைவிடக் கெடுப்பதே அதிகம், ஆகவே துணியை அவிழ்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக உங்களுக்கு வேண்டியது விரல் தாங்கி, வைத்தியசாலையில் 'ஸ்பிளின்ற்' என்பார்கள். இரண்டு விரல்களின் மொளிகளுக்குப் பின்னால் ஒரு சிறு பாலம்போல் நின்று, மொளி பின்னோக்கி வளையாமல் தடுக்கும். மொளி தடுக்கப்பட்டால், வழக்கமாக விரலை நீட்டும் தசையே நடு மூட்டையும் நிமிர்த்திவிடும். உள்ளங்கை திறந்திருப்பதால் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்யலாம். தொழில்வழிச் சிகிச்சையாளர் உங்கள் கையை அளந்து செய்து தருவார். நீங்களாகத் தகரத்திலோ பிளாஸ்ரிக் குழாயிலோ வெட்டிக் கட்ட வேண்டாம். முதல் நாள் அரை மணித்தியாலம் போட்டுக் கழற்றி, சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள்.

பயிற்சி எளிது, ஆனால் தவறாமல் வேண்டும். ஒரு நாளில் நான்கு ஐந்து தடவை, இடது கையால் ஒவ்வொரு மூட்டையும் முழுதாக மடக்கி முழுதாக நீட்டுங்கள், மூட்டுக்குப் பத்து முறை. இழுக்கிற உணர்வு வரலாம், நோவு வரக் கூடாது. இப்போது பலம் திரும்பும் மடக்கும் தசைக்கு வேறு பயிற்சி. சின்னிவிரலின் நடுப்பகுதியை இடது கையால் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்க முயலுங்கள். முடியாவிட்டால் நீங்களே மடக்கிவிட்டு, அந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்க முயலுங்கள். இடது கையிலும் அதே அசைவை அதே நேரத்தில் செய்தால் மூளைக்கு வழி தெரியும். களைத்த தசையை மேலும் வருத்தாதீர்கள். ஆறு ஏழு முறை சரியாகச் செய்வது, ஐம்பது முறை இழுத்தடிப்பதைவிட மேல். சித்திரை நெருங்கும்போது, கையை மேசையில் கவிழ்த்து வைத்து, சின்னிவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கிப் பாருங்கள். உள்ளங்கைத் தசைகளில் பெரும்பாலும் அதுதான் முதலில் அசையும்.

மூளை மறவாதிருக்க

மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிக் காணி இருக்கிறது. செய்தி வராத விரலின் காணியை மற்ற விரல்கள் எல்லை தள்ளிப் பிடித்துவிடும். நீங்கள் கையைச் சாரத்துக்குள் மறைக்கும்போது, அந்தக் காணி இன்னும் வேகமாகப் போகிறது. ஊர் பார்க்கிறது என்ற கூச்சம் எனக்கு விளங்காததல்ல. ஆனாலும் வீட்டுக்குள்ளாவது அந்தக் கை எப்போதும் கண்முன்னே இருக்கட்டும். சட்டைப் பொத்தானை மனைவி பூட்டிவிடாமல், கால் மணித்தியாலம் சென்றாலும் நீங்களே பூட்டுங்கள்.

உணர்வு வருமுன்னரே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்றுண்டு. சத்தமில்லாத இடத்தில் இருந்து, மனைவி உங்கள் இரண்டு கைகளிலும் சின்னிவிரலின் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பஞ்சால் தடவட்டும். நீங்கள் உணராத விரலைப் பார்த்தபடி, இடது விரலில் உணர்வதை வலது விரலிலும் உணர்வதாக எண்ணுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம். சுவர்க் கண்ணாடி ஒன்றிருந்தால், நெஞ்சுக்கு நேரே மேசையில் நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் அசையுங்கள். கண்ணாடியில் தெரிவது உங்கள் வலது கைபோல் தோன்றும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கையை இழந்தவர்களின் வலிக்காக இந்தக் கண்ணாடி முறையை அறிமுகப்படுத்தினார். இப்போது நரம்புக் காயத்திலும் அதைப் பயன்படுத்துகிறோம்.

உணர்வு திரும்பத் தொடங்கும்போது வழக்கமாக முதலில் வருவது நோவும் சூடு குளிரும்தான், அசைகிற தொடுகை அதற்குப் பிறகு, அசையாத தொடுகை கடைசி. அப்போது பயிற்சி மாறும். கண்ணை மூடிக்கொண்டு, எங்கே தொட்டார்கள் என்று சொல்லி, கண்ணைத் திறந்து பார்த்துச் சரிசெய்து, மறுபடி மூடி உணர வேண்டும். பிறகு சாக்கு, பருத்தித் துணி, மணல் என்று சொரசொரப்பை அறிவது. அதன் பிறகு ஒரு கோப்பை நெல்லுக்குள் புளியங்கொட்டையையும் பயறையும் புதைத்துக் கண்ணை மூடித் தேடி எடுப்பது. புதிய நரம்பிழைகள் எல்லாமே பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. மோதிர விரலில் தொட்டால் சின்னிவிரலில் தெரியலாம். பயப்பட வேண்டாம், அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பயிற்சி.

வழிச் செலவும் வயலும்

கிளினிக்கை நீங்கள் விட்டது அக்கறையின்மையால் அல்ல, கூலி இழப்பால். அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டில் செய்யும் பயிற்சியை எழுதித் தரும்படியும், மாதம் ஒருமுறை மட்டும் பார்க்கும்படியும், இடைப்பட்ட காலத்தில் கிட்டிய வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தரும்படியும் கேட்கலாம். மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்று பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்புவது உங்களுக்கு உகந்ததா என்றும் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைச் சந்தித்து, மருத்துவ அறிக்கையோடு உதவிக்கு விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் காலபோகத்தில் விதைப்பதற்கும் உரம் எறிவதற்கும் இடது கை போதும். வரம்பு கட்டுவதையும், கத்தி, கோடாலி, அலவாங்கு பிடிக்கும் வேலைகளையும் இம்முறை வேறொருவரிடம் விடுங்கள். பால் கறப்பதற்கு உங்களுக்கு அதிகம் வேண்டியது பெருவிரலும் சுட்டு விரலும் நடு விரலும்தான். அவற்றின் உணர்வு முழுதாக இருக்கிறது, பிடியில் மட்டும் பலம் குறைந்திருக்கிறது. ஆகவே அமைதியான மாடாகப் பார்த்து, நாளைக் காலையே இரண்டு கையாலும் சிறிது நேரம் கறந்து பாருங்கள். இடது கையைவிட வலது கையில் பால் குறைவாகத்தான் வரும். எத்தனை பீச்சலில் கை களைக்கிறது என்று தினமும் எண்ணி, பேனைப் புள்ளியின் அளவைக் குறித்த அதே கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.